வாரிசு கேட்கும் சிம்மாசனம்
இளையோர் மாயப் புனைகதைகளில் அரண்மனைச் சூழ்ச்சியும் தன்பால் காதலும்

சென்ற பதினைந்து இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இளையோருக்கென்று வெளிவரும் மாயப் புனைகதைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறவர்கள், ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் காதலிக்கும் கதைகள் அவற்றிடையே பெருகி வருவதையும், அவற்றுள் கணிசமானவை காட்டையோ கடலையோ மந்திரப் பள்ளியையோ தேடிப் போகாமல் அரண்மனைக்குள்ளேயே தங்கிவிடுவதையும் கவனித்திருப்பார்கள். நிச்சயிக்கப்பட்ட விவாகங்கள், சுவருக்குள் ஓடும் ரகசிய வழிகள், முகமூடி நடனங்கள், நள்ளிரவு மந்திராலோசனைகள், எங்கிருந்து வந்ததென்று தெரியாத கொலையம்புகள் என்று பழைய ராஜகதைகளின் சாமக்கிரியைகள் அனைத்தும் இங்கே மீண்டும் வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றை அலங்கார மோகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆயினும் இந்நூல்களை நிதானமாக ஆராய்வோருக்கு, அவை அரண்மனையை நாடி வருவதற்கு அதன் பகட்டைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்பது விளங்கும். ஒருவர் யாரை விரும்புகிறார், யாரை மணக்கிறார், அவருக்குப் பிள்ளை பிறக்குமா என்ற அந்தரங்கக் கேள்விகள் பகிரங்கமாகவே ராஜாங்கக் காரியங்களாக விவாதிக்கப்படும் ஸ்தலம் அரண்மனை. சாதாரணக் குடும்பங்களில் பெருமூச்சாலும் மௌனத்தாலும் நடைபெறும் நிர்ப்பந்தம் அங்கே சாசனமாகவும் உடன்படிக்கையாகவும் எழுதப்பட்டு முத்திரையிடப்படுகிறது. தன்பால் காதலின் கதையைச் சொல்ல வந்தவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சரித்திரம் காட்டும் இலக்கணம்

முடியாட்சியில் அரசனுடைய சரீரம் அவனுக்கே உரியதன்று. அவனுடைய விவாகம் ஓர் உடன்படிக்கை. அவனுடைய சந்ததி ராஜ்யத்தின் எதிர்காலம். அவனுடைய பள்ளியறைக்குள் தடையின்றிச் செல்லக்கூடியவன் எவனோ அவனே, பதவி எதுவாயினும், மெய்யான மந்திரி. ஆகையால் அரசன் ஒருவனிடம் காட்டும் பிரியம் அந்தக் கணமே அதிகாரப் பங்கீடாக மாறிவிடுகிறது. சீனத்து ஹான் வம்சத்தில் கி.மு. 7 முதல் கி.மு. 1 வரை ஆண்ட அய் சக்கரவர்த்தியின் கதை இதற்குத் தக்க சான்று. தன் சட்டைக் கையின்மேல் தலைவைத்து உறங்கிய தோங் ஷியான் என்ற வாலிபனை எழுப்ப மனமின்றி, அந்தச் சக்கரவர்த்தி தன் சட்டைக் கையையே அறுத்துக்கொண்டு எழுந்தான் என்பது சீன வரலாற்று நூல் தரும் செய்தி. இந்த மென்மையான சம்பவத்தை நினைவில் வைத்திருப்போர், அதைத் தொடர்ந்து வந்தவற்றையும் நினைக்க வேண்டும். இருபதுகளின் தொடக்கத்திலேயே தோங் ஷியான் பேரரசின் சேனாதிபதிப் பதவிக்கு உயர்த்தப்பட்டான். ஒரு விருந்தில் சக்கரவர்த்தி அரியணையையே அவனுக்கு அளிப்பதாகப் பேச, அவையோர் திடுக்கிட்டனர். பிள்ளையின்றிச் சக்கரவர்த்தி இறந்ததும், முதிய ராஜமாதாவும் அவளுடைய உறவினன் வாங் மாங்கும் அதிகாரத்தைக் கைப்பற்ற, பதவி பறிக்கப்பட்ட தோங் ஷியான் தன் மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டான். காதல், பதவி, வாரிசு, வீழ்ச்சி என்ற நான்கும் ஒரே முடிச்சில் கிடப்பதை இங்கே காண்கிறோம்.

ஐரோப்பாவில் ஸ்வீடன் நாட்டு ராணி கிறிஸ்டினாவின் சரித்திரம் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்துக் காட்டுகிறது. 1632-இல் தந்தை போர்க்களத்தில் மாண்டபோது ஆறு வயதும் நிரம்பாத குழந்தையாக ராணியான அவள், வளர்ந்து அரசாளத் தொடங்கிய பின் மணம் புரிய உறுதியாக மறுத்தாள். எப்பா ஸ்பாரே என்ற தோழிக்கு அவள் எழுதிய உருக்கமான கடிதங்கள் இன்றும் ஆராய்ச்சியாளரால் விவாதிக்கப்படுகின்றன. அவள் மறுப்புக்குக் காரணம் எதுவாயினும், ராஜ்யத்தின் செவியில் அது ஒரே கேள்வியாகவே ஒலித்தது: அடுத்த வாரிசு யார்? 1649-இல் தன் அத்தை மகனான சார்லஸ் குஸ்தாவை வாரிசாக அறிவித்து, 1654 ஜூன் 6 அன்று உப்சாலாவில் அவள் கிரீடத்தைத் துறந்தாள். அவளைக் கத்தோலிக்க சமயத்தின்பால் ஈர்த்த நம்பிக்கையும் அத்துறவுக்கு ஒரு காரணம். தன் சரீரத்தின்மீது தனக்கே உரிமை வேண்டுமென்று கருதும் ஒருத்திக்குச் சிம்மாசனம் விதிக்கும் நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் அரிது. இளையோர் கதாசிரியர்கள் படைக்கும் கற்பனை ராஜ்யங்கள் யாவும், அறிந்தோ அறியாமலோ, இந்தச் சரித்திர இலக்கணத்தின்மேல் எழுந்தவையே.

முன்னோடிகள்

அமெரிக்க இளையோர் இலக்கியத்தில் தன்பால் ஈர்ப்பைப் பேசிய முதல் நாவலாகக் கருதப்படுவது, ஜான் டொனவன் 1969-இல் வெளியிட்ட நூல். 1982-இல் நான்சி கார்டன் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’, இரண்டு பெண்களின் காதலைத் துன்பியல் முடிவுக்குத் தள்ளாமல் நம்பிக்கையோடு நிறைவு செய்த காரணத்தால் ஒரு திருப்பமாக அமைந்தது. இவையெல்லாம் நிகழ்கால நகர வாழ்க்கையைக் களமாகக் கொண்டவை. மாயப் புனைகதையிலோ, 1979-இல் டயான் டுவேன் எழுதிய நாவல், ராஜ்யம் இழந்த ஓர் இளவரசனும் அவனுடைய காதலனும் கூச்சமின்றி உலவும் உலகத்தைப் படைத்தது. 1987-இல் எலன் குஷ்னர் எழுதிய ‘ஸ்வார்ட்ஸ்பாயிண்ட்’, பிரபுக்களின் பகைமைகளைக் கூலிக்குத் தீர்த்துவைக்கும் வாள்வீரன் ஒருவனையும், அவனோடு வாழும் மர்மமான மாணவன் ஒருவனையும் நாயகர்களாக்கி, அரசியல் சூழ்ச்சியையும் காதலையும் ஒரே கதையாக நெய்தது. இவ்விரண்டும் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்டவை.

இளையோர் மனத்தை ஆழமாகப் பற்றிக்கொண்டவர் மெர்சிடஸ் லாக்கி. 1989-இலும் 1990-இலும் வெளிவந்த அவருடைய மூன்று நாவல்கள் வால்டெமார் என்ற ராஜ்யத்தில் நிகழ்பவை; மூன்றாவதான ‘மேஜிக்ஸ் பிரைஸ்’ லாம்ப்டா இலக்கிய விருது பெற்றது. பிரபு ஒருவரின் மூத்த மகனான வான்யெல், சங்கீதத்தில் பிரியமும் வாட்பயிற்சியில் வெறுப்பும் கொண்டவன். அந்தப் பயிற்சியில் ஆசானால் கை முறிக்கப்பட்டு, தந்தையின் கோபத்துக்கும் ஆளாகி, தலைநகரில் மந்திர வித்தையில் தேர்ந்த அத்தையிடம் அனுப்பப்படுகிறான்; அங்கே அத்தையின் சிஷ்யனான டைலெண்டெலைக் காதலிக்கிறான். இச்செய்தி தந்தையின் செவிக்கு எட்டினால் விபரீதம் விளையும். ஆகவே இருவரும் பிறர் கண்முன் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள்போல் நடிக்கத் தீர்மானிக்கிறார்கள். அரசவையில் சத்துருக்கள் நண்பர்களாக வேஷமிடுவதையே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். இங்கே காதலர்கள் சத்துருக்களாக வேஷமிடுகிறார்கள். அரண்மனைச் சூழ்ச்சியின் பிரதான ஆயுதமாகிய பாசாங்கு, பதினாறு வயதுச் சிறுவனுக்கு உயிர் பிழைக்கும் உபாயமாகிவிடுவதை லாக்கி இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே உணர்த்திவிடுகிறார். தான் யாரென்பதை வீட்டில் சொல்ல இயலாமல் நாள்தோறும் வேஷம் கட்டிய எத்தனையோ வாசகர்களுக்கு இந்தப் பகுதி தம் சொந்தக் கதையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

எனினும் அக்காலத்தின் எல்லையையும் அந்நூல்கள் சுமந்தே நிற்கின்றன. இரு குலங்களின் பகையில் இரட்டைச் சகோதரனை இழந்த டைலெண்டெல், பழிவாங்கப் புகுந்து, அதன் விளைவாகத் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். வான்யெலின் அபாரமான மந்திர சக்தி அந்தத் துயரத்தின் வழியாகவே திறக்கிறது. மூன்றாவது நாவலில், நோயுற்ற அரசனின் வேதனையைத் தன் கானத்தால் தணிக்கும் ஸ்டெஃபன் என்ற பாணன் வான்யெலின் வாழ்வில் வருகிறான். ஆனால் வான்யெலும் ராஜ்யத்தைக் காக்கும் பொருட்டு உயிரைத் தியாகம் செய்கிறான். தன்பால் காதலர்கள் உன்னதமானவர்களாக இருக்கலாம், ஆனால் அந்த உன்னதத்தை மரணத்தால் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே முழுவதும் உடைபடவில்லை.

பாவம் நீங்கிய ராஜ்யங்கள்

இந்த விதியை இளையோர் மாயப் புனைகதையில் அமைதியாகக் கடந்த நூல்களுள் முதன்மையானது, மலிண்டா லோ 2009-இல் வெளியிட்ட ‘ஆஷ்’. சிண்ட்ரெல்லா கதையின் மறுபுனைவான இதில், மாற்றாந்தாயின் வீட்டில் வேலைக்காரியாக ஒடுங்கிக் கிடக்கும் பெண், இளவரசனின் மனைவியாகாமல், அரசனுடைய வேட்டைத் தலைவியான கைசாவைக் காதலிக்கிறாள். முதல் வரைவில் நாயகி வழக்கப்படி இளவரசனையே விரும்பியதாகவும், அதைப் படித்த நண்பர் ஒருவர், இளவரசனைவிட வேறொரு பெண்ணிடத்திலேயே நாயகியின் மனம் செல்வதாகச் சொன்ன பிறகே கதையைத் திருத்தி எழுதியதாகவும் ஆசிரியர் கூறியிருக்கிறார். பாத்திரத்தின் உண்மையை ஆசிரியருக்கு முன் வாசகர் கண்டுகொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது. ‘ஆஷ்’ படைத்த ராஜ்யத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பது அதிசயமுமன்று, அபசாரமுமன்று. அவளுக்குத் தடையாக நிற்பவை வறுமையும், துக்கமும், மாய இனத்தவன் ஒருவனோடு அவள் செய்துகொண்ட ஒப்பந்தமுமே.

இதனால் இரு வகை ராஜ்யங்கள் இவ்விலக்கியத்தில் உருவாயின: தன்பால் காதலைத் தண்டிக்கும் ராஜ்யம் ஒன்று, அதை இயல்பாக ஏற்கும் ராஜ்யம் மற்றொன்று. இரண்டாவது வகையில் போராட்டமே இராதே, உலகத்தின் கொடுமையை அது மூடி மறைத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. என் எண்ணத்தில், அரண்மனைக் கதைக்கு இரண்டாவது வகையே கடினமானதும் பயன் மிகுந்ததுமாகும். பாவம் என்ற தடையை நீக்கிய பின்னும் காதலுக்குத் தடை எஞ்சி நிற்குமானால், அத்தடை எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் ஆராய்ந்தே தீரவேண்டும். அந்த ஆராய்ச்சி அவரை அதிகாரத்தின் வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆட்ரி கோல்தர்ஸ்ட் 2016-இல் எழுதிய ‘ஆஃப் ஃபயர் அண்ட் ஸ்டார்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். ஹேவ்மாண்ட் நாட்டு இளவரசி டென்னலியா, மைனேரியா நாட்டு இளவரசனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே நிச்சயிக்கப்பட்டவள். அவளிடம் நெருப்பை எழுப்பும் மந்திர சக்தி பிறவியிலேயே உண்டு. புகுந்த நாட்டிலோ மந்திரம் விலக்கப்பட்ட வித்தை. மைனேரியா குதிரைகளைப் போற்றும் நாடாகையால், வருங்கால ராணி குதிரையேற்றம் கற்றாக வேண்டும். கற்பிக்கும் பொறுப்பு இளவரசனின் சகோதரியும், அரசவை ஆசாரங்களை வெறுத்து லாயத்திலேயே பொழுதைக் கழிப்பவளுமான மேரின்மேல் விழுகிறது. சேணத்தில் எப்படி உட்காருவது, கடிவாளத்தை எவ்வளவு இறுக்குவது, மிருகத்தின் மனத்தை எப்படி அறிவது என்று ஒருத்தி சொல்லிக் கொடுக்க மற்றவள் கற்கும் அந்தப் பாடங்களினூடே வெறுப்பு மதிப்பாகவும், மதிப்பு பிரேமையாகவும் மாறுகிறது. இதற்கிடையே அரச குடும்பத்தில் கொலை நிகழ்கிறது, பழி அண்டை ராஜ்யமான ஸுமோர்டாவின்மேல் சுமத்தப்படுகிறது, யுத்தம் நெருங்குகிறது. மைனேரியாவில் பெண் பெண்ணை விரும்புவது குற்றமன்று. டென்னலியாவின் காதலுக்கு எதிராக நிற்பது அவளுடைய விவாகம் தாங்கிப் பிடித்திருக்கும் நட்புறவு. அவள் தன் மனத்தைப் பின்பற்றினால் இரு நாடுகளின் உடன்படிக்கை முறிகிறது. மறைக்கப்பட்ட மந்திர சக்தி, மறைக்கப்பட்ட காதல் என்ற இரண்டையும் ஒருங்கே சுமக்கும் பெண்ணின் நிலையில், ரகசியம் என்பதே அரண்மனை வாழ்வின் நாணயமாகப் புழங்குவதைக் காண்கிறோம்.

உடைமையாகும் உடல்கள்

மலேசியாவிலும் பிரிட்டனிலுமாக வளர்ந்த நடாஷா ஙான் 2018-இல் எழுதிய ‘கேர்ள்ஸ் ஆஃப் பேப்பர் அண்ட் ஃபயர்’ இந்த ஆராய்ச்சியை மிக இருண்ட இடத்துக்குக் கொண்டு செல்கிறது. இக்காரா என்ற ராஜ்யத்தில் மூன்று ஜாதிகள்: முழு அசுரத் தன்மை கொண்ட சந்திர ஜாதி, பாதி அசுரத் தன்மை கொண்ட எஃகு ஜாதி, வெறும் மனிதர்களான காகித ஜாதி. ஆண்டுதோறும் காகித ஜாதியிலிருந்து எட்டுப் பெண்கள் அசுர அரசனுக்குப் போகஸ்திரீகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பொன்னிறக் கண்கள் கொண்டவள் என்ற ஒரே காரணத்துக்காக, மூலிகை வைத்தியர் ஒருவரின் மகளான லெய் ஒன்பதாவது பெண்ணாகக் கிராமத்திலிருந்து பிடித்துச் செல்லப்படுகிறாள். எந்தப் பெண் அன்றிரவு அரசனிடம் போகவேண்டும் என்பது, பெயர் பொறித்த சில்லு ஒன்றின் மூலம் அறிவிக்கப்படுகிறது. அந்தச் சில்லு வரும் வேளையில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் விதத்தில்தான் இந்நாவலின் மெய்யான அரசியல் இருக்கிறது. அங்கே பயமும், பொறாமையும், தப்பித்துக்கொண்ட ஆறுதலும், அந்த ஆறுதலைப் பற்றிய குற்ற உணர்வும் ஒருங்கே எழுகின்றன.

லெய் அவர்களுள் ஒருத்தியான ரென் என்பவளைக் காதலிக்கிறாள். அவர்களுடைய காதல் ராஜத் துரோகமாகும். இருவரும் பெண்கள் என்பதைவிட, இருவருடைய உடல்களும் அரசனின் உடைமை என்பதே அதற்கு ஆதாரம். ரென்னோ அரசனைக் கொல்வதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டு அந்தப்புரத்துக்குள் அனுப்பப்பட்டவள். ஆகவே அவள் தன் சகாக்களுக்கு ஓர் ஆயுதம்; அரசனுக்கு ஒரு விளையாட்டுப் பொருள்; லெய் ஒருத்திக்கு மட்டுமே அவள் மனுஷி. புரட்சி செய்வோரும் ஒரு பெண்ணைக் கருவியாக்கக்கூடும் என்ற கசப்பான உண்மையை இளம் வாசகர் முன் வைக்க ஆசிரியர் தயங்கவில்லை. பலாத்காரம் இடம்பெறும் கதை என்பதை முன்னதாகவே எச்சரித்தும் இருக்கிறார். கொடுமையை அலங்கரிக்காமலும், இளையோரிடமிருந்து அதை மறைக்காமலும் எழுதும் இந்தப் பொறுப்புணர்ச்சி பாராட்டத் தக்கது.

ஈரானிய வம்சாவளி அமெரிக்கரான மெலிஸா பஷர்தூஸ்த் 2020-இல் எழுதிய ‘கேர்ள், செர்ப்பென்ட், தார்ன்’ நூலின் நாயகி சொராயா, தொட்டவரைக் கொல்லும் நஞ்சோடு வளர்ந்த அரசகுமாரி. இரட்டைச் சகோதரன் ஷாவாக அரியணையில் வீற்றிருக்க, அவளோ கையுறை அணிந்து, ரோஜாத் தோட்டத்தோடும் சுவர்களுக்குள் செல்லும் ரகசிய வழிகளோடும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறாள். நஞ்சூட்டி வளர்த்த பெண் என்ற கற்பனைக்கு நம் நாட்டு மூலமும் உண்டு. ‘முத்ராராட்சஸம்’ என்ற சம்ஸ்கிருத நாடகத்தின் விஷகன்னி அரசியல் கொலைக்கான கருவி. இந்திய மன்னன் ஒருவன் அலெக்ஸாண்டருக்கு அத்தகைய பெண்ணை அனுப்பிய கதையை நத்தானியேல் ஹாதார்னும் தம் ‘ரப்பாச்சினியின் மகள்’ சிறுகதையில் எடுத்தாண்டிருக்கிறார். பழைய கதைகளில் விஷகன்னி பிறர் ஏவிய அம்பு. அவள் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. சொராயாவிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. சிறையில் கிடக்கும் அந்துப்பூச்சிச் சிறகுடைய பர்வானே என்ற மாயப் பெண்ணிடம் அவள் மனம் செல்லும்போது, தன் நஞ்சை நீக்க வேண்டுமா, அன்றி அதைத் தன் வலிமையாகவே ஏற்க வேண்டுமா என்பதை அவளே நிர்ணயிக்க வேண்டியவளாகிறாள்.

எஞ்சிய வினா

இவ்விலக்கியத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கொடுங்கோலனை வீழ்த்தி அவ்விடத்தில் நல்ல அரசனையோ அரசியையோ அமர்த்துவதோடு பல கதைகள் திருப்தியடைந்துவிடுகின்றன. வாரிசு வேண்டுமென்று கேட்டுக்கேட்டு நாயகர்களை வாட்டிய அதே சிம்மாசனம் முடிவில் எவ்வித மாறுதலுமின்றி நிற்கிறது. ஓர் அண்ணனோ தம்பியோ சந்ததிக் கடமையை ஏற்றுக்கொள்ள, காதலர்கள் எல்லையைக் கடந்து போய்விடுகிறார்கள். நிர்ப்பந்தம் ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதை எதிர்கொண்ட நூல்களுள் ஒன்று, டாஷா சூரி 2021-இல் எழுதிய ‘தி ஜாஸ்மின் த்ரோன்’. பெரியவர்களுக்கானதாயினும் வளர்ந்த இளையோரும் படிக்கத் தக்க இந்நாவல் உலக மாயப் புனைவு விருது பெற்றது. இந்தியச் சாயல் கொண்ட பேரரசில், தீக்குளிக்க மறுத்ததால் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, வென்றடக்கப்பட்ட நாட்டின் ஆலயத்தில் வளர்ந்த பிரியாவை விரும்புகிறாள். மாலினி அரியணையைத் தானே நாடுகிறாள். பிரியாவின் தேசமோ அந்த அரியணையால் நசுக்கப்பட்டது. ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே சமமான காதல் சாத்தியமா என்ற வினாவை அது மழுப்பாமல் எழுப்புகிறது.

இந்நூல்களைச் சிறுவர் கைக்கு எட்டவிடலாகாதென்ற எதிர்ப்பும் ஓய்ந்தபாடில்லை. 1993-இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரப் பகுதியில் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ பகிரங்கமாக எரிக்கப்பட்டது. பள்ளி நூலகங்களிலிருந்து அதை நீக்கியது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1995-இல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரை அந்நாட்டுப் பள்ளிகளில் தடைக்குள்ளான 1,648 நூல்களுள் 41 சதவீதம் பால்புதுமையினரைப் பற்றியவை என்று பென் அமெரிக்கா அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. காதலைப் படித்துக் குழந்தைகள் கெடுவார்கள் என்று அஞ்சுவோர், இக்கதைகள் உண்மையில் எதைக் கற்பிக்கின்றன என்று ஒருமுறை ஊன்றிப் பார்ப்பது நலம். பிறருடைய திட்டத்தில் ஒரு கருவியாகத் தான் பயன்படுத்தப்படும்போது அதை இனங்காண இவை கற்பிக்கின்றன. பிரியத்தின் பெயரால் வரும் ஆணையையும் ஆணையாக அறியச் செய்கின்றன. தன் விருப்பத்தின் விலையைத் தானே கணக்கிட்டுப் பொறுப்பேற்கும் துணிவைத் தருகின்றன. பதினாறு பதினேழு வயதில் வீட்டார் வகுத்த எதிர்காலத்தை எதிர்நோக்கி நிற்கும் எந்தப் பிள்ளைக்கும், அது யாரை நேசித்தாலும், இவை தேவையான பாடங்கள்.

ஆகவே இவ்வகை நாவலொன்றை மதிப்பிட விரும்பும் வாசகர் ஒரே ஒரு சோதனையைச் செய்யலாம். கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டால் சூழ்ச்சி அப்படியே நிற்கிறதா, சூழ்ச்சியை எடுத்துவிட்டால் காதல் அப்படியே நிற்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டில் எதை அகற்றினாலும் மற்றது சரிந்துவிடுமானால், அந்த ஆசிரியர் அரண்மனையை மெய்யாகப் புரிந்துகொண்டவர். அப்படிப்பட்ட நூல், காதலிக்கும் உரிமையைக் கேட்பதோடு நில்லாமல், மனிதரின் உடலையும் மனத்தையும் தன் நிலைபேற்றுக்காகச் செலவிடும் உரிமையை அரசுக்கு யார் கொடுத்தார்கள் என்றும் கேட்கிறது. இளைய தலைமுறை முடியாட்சி ஒழிந்த நாடுகளிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.